பாதியில் மூடிய டெஸ்ட்

அத்தியாயம் 14

போன வாரம் சின்னவனை அக்கா வீட்டு மேசை முன்னால், செல்போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்த கோலத்தில் விட்டுவிட்டு வந்தோம். ஐயோ பாவம் என்று யாரும் உச்சுக் கொட்ட வேண்டாம். அந்தக் கோலம் அவனாகத் தேடிக்கொண்டது.

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அக்காவுக்கு ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் அழைப்பு எடுக்கும் வேலை. இரண்டு வருடமாக வீட்டிலிருந்தே எடுக்கிறாள். லேப்டாப், ஹெட்செட், வீட்டு நெட் லைன், இவ்வளவுதான் அவள் அலுவலகம். பதினாலு நாளைக்கு முன்னால் ஒரு பெண்மணி அழைத்தாள். கணவர் கூடத்தில் விழுந்து கிடக்கிறார், மூச்சு இல்லை என்று கதறி, முகவரியைச் சொன்னாள். அக்கா முகவரியைத் தட்டி வண்டியை அனுப்பினாள். வண்டி போய்ச் சேரப் பதினோரு நிமிடம் பிடித்தது. அதுவரைக்கும் பக்கத்தில் இருப்பவர் என்ன செய்ய வேண்டும் என்று வாயால் சொல்லிக்கொண்டே இருப்பதும் அவள் வேலைதான்.

அலுவலகத்தில் எல்லா அழைப்பும் பதிவாகும். இந்த அழைப்பின் பதிவில் அந்தப் பெண்மணியின் அழுகையும் "ஹலோ, யாராவது இருக்கீங்களா"வும் நாலு நிமிடம் இருக்கின்றன. அக்காவின் குரல் ஒரு சொல்கூட இல்லை. அந்த மனிதர் பிழைக்கவில்லை.

அக்காவை அன்றே சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். தூங்கிவிட்டாள் என்றது இறந்தவரின் குடும்பத்தார் புகார். மியூட்டைப் போட்டுவிட்டு எழுந்து போயிருப்பாள் என்றது அலுவலகம். நான் பேசினேன், தொண்டை வறளப் பேசினேன் என்று முதல் வாரம் முழுவதும் சாதித்த அக்காவுக்கு, இரண்டாவது வாரத்தில் அவள் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது.

இனி நம் சின்னவன். அக்காவுக்கு ஒரே தம்பி. அந்த வட்டாரத்தின் நெட் லைனைப் பார்த்துக்கொள்ளும் டெக்னீஷியன். எட்டு வருட அனுபவம். ஒரு நாளைக்குப் பதினெட்டு கம்ப்ளெயின்ட்டை முடித்தாக வேண்டும். ஒவ்வொன்றையும் மூடும்போது ஸ்பீடு டெஸ்ட் படம் ஒன்றை இணைக்க வேண்டும். அந்த டெஸ்டில் முதலில் ஓடுவது டவுன்லோடு. அடுத்தது அப்லோடு. அதற்கும் பிறகுதான் மற்ற எண்கள் வரும். கம்பெனியின் படிவத்தில் ஒரே ஒரு கட்டம்தான் உண்டு, அது டவுன்லோடுக்கு.

ஆகவே சின்னவனும் அவனோடு வேலை செய்கிற பதினோரு பேரும் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். முதல் எண் வந்து நின்றதும் படத்தைப் பிடிப்பார்கள், டெஸ்டை மூடிவிடுவார்கள். ஒரு வீட்டுக்கு அரை நிமிடம் மிச்சம். பதினெட்டு வீட்டுக்குச் சேர்த்தால் நிதானமாக ஒரு டீ குடிக்கலாம். எட்டு வருடத்தில் சின்னவன் எத்தனை டீ குடித்திருப்பான் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

நேற்று சாயங்காலம், அக்கா அழுது ஓய்ந்து படுத்திருந்த வேளையில், அந்த மேசையில் உட்கார்ந்து முதல் முறையாக அவன் டெஸ்டைக் கடைசிவரை ஓடவிட்டான். டவுன்லோடு தொண்ணூற்று நாலு. அப்லோடு அரைகூட இல்லை, பூஜ்யம் புள்ளி மூன்று. போய்த் திரும்பும் நேரம் நானூறு மில்லி செகண்ட். அனுப்பியதில் நூற்றுக்கு முப்பத்தொன்று வழியிலேயே காணாமல் போய்க்கொண்டிருந்தது.

வருவதெல்லாம் ஜம்மென்று வருகிறது. இங்கிருந்து கிளம்புவது போய்ச் சேரவில்லை. அக்கா தட்டிய முகவரி எழுத்து, போகாவிட்டால் திரும்பத் திரும்ப முயன்று எப்படியோ போய்விடும். குரலுக்கு அந்தப் பொறுமை கிடையாது. போன நொடி போனதுதான், வந்து சேரும் துண்டுகளும் ஒரு சொல்லாக ஒட்டாது.

அந்தப் படத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, அக்காவிடம் ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்குப் போய்விட்டான் அந்தப் பாவி.

இன்று அக்காவின் அலுவலக விசாரணை. மூன்று மணிக்கு, வீடியோவில்.

காலை ஒன்பது மணிக்கே சின்னவன் ஏணியைக் கொண்டுவந்து அக்கா வீட்டு வெளிச்சுவரில் சாய்த்துவிட்டான். கம்பத்திலிருந்து வரும் ஒயர் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் கையகலப் பெட்டி ஒன்று இருக்கிறது. திறந்தான். உள்ளே இருந்த ஜாயின்ட்டின் ரப்பர் உறை வெடித்து, தண்ணீர் இறங்கி, செம்பு பச்சை பூத்துக் கிடந்தது. வெளியிலிருந்து வரும் சிக்னல் வலுவானது, முட்டிமோதி உள்ளே வந்துவிடும். வீட்டு மோடத்திலிருந்து கிளம்புவது நோஞ்சான். அது இந்தப் பச்சையைத் தாண்டுவதற்குள் உயிரை விட்டுவிடும்.

ஏணி போட்டு ஏறியிருந்தால் ஐந்து நிமிட வேலை. அக்கா மூன்று முறை கம்ப்ளெயின்ட் கொடுத்திருந்தாள். என் குரல் விட்டு விட்டுப் போகிறதென்று எதிர்ப்பக்கம் சொல்கிறார்கள் என்று மூன்று முறையும் ஒரே புகார்தான். முதல் தடவை சின்னவன் வந்தான், பாதி டெஸ்ட் எடுத்தான், தொண்ணூற்று நாலு என்று காட்டினான், போய்விட்டான். இரண்டாவது தடவை போனிலேயே மோடத்தை அணைத்துப் போடச் சொல்லி, அக்கா எடுத்து அனுப்பிய படத்தை ஒட்டி முடித்தான். மூன்றாவது தடவை அதுகூட இல்லை. நம்ம அக்கா வீடுதானே, ஞாயிற்றுக்கிழமை போகும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று பழைய படத்தையே ஒட்டி மூடிவிட்டான். வேறு யார் வீடாக இருந்தாலும் ஒரு நடை போயிருப்பான். சொந்த அக்கா என்பதால்தான் போகவில்லை.

இப்போது ஏணியில் நிற்கும்போது சூப்பர்வைசரின் அழைப்பு வந்தது. நேற்றிரவே சின்னவன் விஷயத்தைச் சொல்லியிருந்தான். சூப்பர்வைசர் கெட்டவர் இல்லை, பயந்தவர். நிதானமாகத்தான் பேசினார்.

"மூடின கம்ப்ளெயின்ட் மூடினதாவே இருக்கட்டும்பா. ஜாயின்ட்டை மாத்து, இறங்கு, அடுத்த வீட்டைப் பாரு. அந்தப் படத்தை அழிச்சிடு. இது வெளிய வந்தா நீ மட்டும் போகமாட்டே. பன்னெண்டு பேர் சோத்துல மண்ணு."

சின்னவன் சரி சார் என்றான். புது ஜாயின்ட்டை மாட்டினான்.

ஏன் மாற்றினான் என்று கேட்டால் அவனிடம் இரண்டு பதில் இருந்தது. இந்த லைனை வைத்துக்கொண்டு அக்கா விசாரணையில் பேசினால் ஒரு வார்த்தையும் போகாது, இன்றைக்கும் ஊமை என்பார்கள், அதனால் மாற்றினேன் என்பது ஒன்று. கோளாறு போய்விட்டால் கோளாறு இருந்ததே யாருக்கும் தெரியப் போவதில்லை என்பது மற்றது. எது முதலில் மனதில் வந்தது என்று அவன் தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டிருந்தால் ஏணியிலிருந்து இறங்கியிருக்க முடியாது.

உள்ளே மாமா தயாராக இருந்தார். அக்காவின் கணவர். டிரைவிங் ஸ்கூலில் கற்றுக்கொடுப்பவர். காரில் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து பிரேக், பிரேக் என்று கத்தியே தொண்டை கரகரத்துப் போனவர். நல்ல மனுஷர்தான், ஆனால் எதிரே எது வந்தாலும் முதலில் ஒதுங்கி நிற்கத்தான் பார்ப்பார். மேசையில் ஒரு கடிதத்தை அச்செடுத்து வைத்திருந்தார். கவனக்குறைவால் மியூட் பொத்தானை அழுத்திவிட்டேன், பொறுப்பேற்று விலகிக்கொள்கிறேன் என்று நாலு வரி. அப்படி எழுதிக் கொடுத்தால் போலீஸ் வழக்கு வராமல் பார்த்துக்கொள்வதாக அலுவலகத்திலிருந்து யாரோ ஜாடையாகச் சொல்லியிருந்தார்கள். கையெழுத்து மட்டும் பாக்கி.

சின்னவன் மேசையில் உட்கார்ந்து டெஸ்டை ஓடவிட்டான். மாமா அவன் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். தொண்ணூற்று நாலு வந்தது. பழக்க தோஷத்தில் சின்னவனின் விரல் மூடப் போனது. நிறுத்திக்கொண்டான். அப்லோடு முப்பத்தெட்டு. போய்த் திரும்பும் நேரம் பன்னிரண்டு. காணாமல் போனது பூஜ்யம்.

"இதெல்லாம் என்ன நம்பர் மாப்ள? எனக்கு அந்தத் தொண்ணூத்தி நாலு மட்டும்தான் தெரியும்" என்றார் மாமா.

சின்னவன் விளக்கினான். டவுன்லோடு என்றால் நம் வீட்டுக்குள் வருவது, படம் பார்க்க, பாட்டுக் கேட்க அது போதும். அப்லோடு என்றால் நம்மிடமிருந்து வெளியே போவது, நாம் பேசுவதும் நம் முகமும் அதில்தான் போகின்றன. பன்னிரண்டு என்பது ஒரு சேதி போய்த் திரும்பும் நேரம், குறைய இருந்தால் நல்லது. கடைசி எண், அனுப்பியதில் எத்தனை தொலைந்தது என்பது. அது பூஜ்யமாக இருக்க வேண்டும். முதல் எண் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் மற்ற மூன்றும் கெட்டிருந்தால் பேச்சு எடுபடாது.

மாமா மந்தமான ஆள் இல்லை. ஒரு நிமிடம் யோசித்துவிட்டுச் சரியான கேள்வியைக் கேட்டார்.

"அன்னிக்கும் இதெல்லாம் இப்படித்தான் இருந்துச்சா?"

பன்னிரண்டு பேர், எட்டு வருடம், அடுத்த மாதம் வரவேண்டிய பதவி உயர்வு, எல்லாம் ஒரே நேரத்தில் சின்னவன் கண்முன் வந்து நின்றன.

"இப்படித்தான் மாமா."

மாமா பெருமூச்சு விட்டார். கடிதத்தை இரண்டு அங்குலம் அக்காவின் நாற்காலிப் பக்கம் நகர்த்தி வைத்தார். அந்த இரண்டு அங்குலமும் சின்னவன் கைங்கரியம்தான்.

அக்கா உள்ளறையில் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். தலை வாரி, நல்ல உடை உடுத்தியிருந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்துக் கிடந்தது. சின்னவனைக் கண்டதும் கதவைச் சாத்திவிட்டு வரச் சொன்னாள்.

பதினாலு நாளாக வலது கை ஆட்காட்டி விரலைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றாள். கண்ணை மூடினால் அந்த விரல் மியூட்டை அழுத்துவது தெரிகிறது. அழுத்தினேனா, அழுத்துவது போலக் கனவு கண்டேனா என்று பிரிக்க முடியவில்லை. பேசினது நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஆனால் பைத்தியம் பிடித்தவர்களுக்கும் இப்படித்தான் எல்லாம் நன்றாக ஞாபகம் இருக்குமாமே என்றாள். அழவில்லை. அழுகை எல்லாம் தீர்ந்து போயிருந்தது.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன்டா. நீ லைன் ஆளு. லைன்ல ஏதாவது இருந்திருக்குமா? வேற யாரு சொன்னாலும் வேண்டாம். நீ சொன்னா நம்பிடுவேன்."

அப்போதே சொல்லியிருக்கலாம். அறையில் மூன்றாவது ஆள் இல்லை. கேட்டது தூக்கி வளர்த்த அக்கா.

"தெரியலக்கா" என்றான் சின்னவன்.

அவள் தலையை ஆட்டினாள். அவன் கன்னத்தைத் தட்டி, சாப்பிட்டாயா என்று வேறு கேட்டாள். அவன் கழிப்பறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்தில் சற்று நேரம் நின்றுவிட்டு வந்தான்.

மூன்று மணிக்கு லேப்டாப் திரையில் மூன்று கட்டங்கள் தெரிந்தன. ஒன்றில் விசாரணை அதிகாரி, நரைத்த மீசை, எதிரே தடித்த கோப்பு. ஒன்றில் குறிப்பெடுக்கும் எழுத்தர். மூன்றாவது கட்டம் கறுப்பாக இருந்தது. புகார் கொடுத்தவரும் கேட்டுக்கொண்டிருக்கிறார், அவர் முகம் காட்ட விரும்பவில்லை என்று அதிகாரி சொன்னார். இறந்துபோனவரின் மனைவி.

அக்கா கட்டத்தைப் பார்த்துக் கைகூப்பினாள்.

மாமா அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். சின்னவன் கேமராவில் படாமல் கதவை ஒட்டி நின்றுகொண்டான். போய்விடத்தான் நினைத்தான். கால் வரவில்லை.

அதிகாரி பதிவை ஒலிக்கவிட்டார். நாலு நிமிடம். அதை இங்கே எழுத எனக்கு மனசு வரவில்லை. ஒரு பெண் கணவரைப் பெயர் சொல்லியும் செல்லமாகவும் மாறி மாறிக் கூப்பிடுவதும், நடுநடுவே போனில் யாராவது இருக்கிறார்களா என்று கேட்பதும், பிறகு போன் தரையில் விழும் சத்தமும் கேட்டது என்று மட்டும் சொல்கிறேன். மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அக்கா தன் பக்கத்தைச் சொன்னாள். பேசினேன் சார் என்றாள். அதிகாரி பொறுமையாகக் கேட்டார். அலுவலக விதிப்படி வாரம் ஒருமுறை அக்கா அனுப்பி வைத்த டவுன்லோடு எண்களைப் படித்தார், அந்த விதியும் அதை மட்டும்தான் கேட்டது. தொண்ணூற்று நாலு, தொண்ணூற்று மூன்று, தொண்ணூற்று நாலு. லைன் கம்பெனியும் கோளாறு இல்லை என்று மூன்று முறை எழுதியிருக்கிறது என்றார். கடைசியாக, நியாயமாக நடக்க வேண்டும் என்பதற்காக, இப்போதே எல்லார் முன்னிலையிலும் ஒரு முழு டெஸ்ட் எடுத்துவிடலாமே என்றார்.

அக்கா எடுத்தாள். வரவேண்டியது வந்தது, போகவேண்டியது போனது, எதுவும் தொலையவில்லை. காலையில் சின்னவன் செய்த வேலை அத்தனை சுத்தம்.

"லைன்ல குறை எதுவும் தெரியலியேம்மா" என்றார் அதிகாரி.

அக்கா அந்த எண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியாகப் பிடித்துக்கொண்டிருந்த பிடியும் நழுவிவிட்டது என்பது அவள் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. மாமா மெதுவாகப் பேனாவை எடுத்து நீட்டினார்.

"அப்போ நான்தான் சார்" என்றாள் அக்கா. "நான்தான் மியூட் பண்ணியிருக்கேன். எனக்கு ஞாபகம் இல்ல. ஆனா நான்தான்."

கறுப்புக் கட்டத்தைப் பார்த்து, என்னை மன்னிக்காதீங்கம்மா என்றாள். பேனாவைத் திறந்தாள்.

சின்னவன் கதவை விட்டு நகர்ந்தான். எப்போது நகர்ந்தான் என்று பிறகு அவனுக்கே நினைவில்லை. மேசைக்கு வந்து, பேனாவோடு சேர்த்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"சார், அவங்க மியூட் பண்ணல. லைன் கெட்டுப் போயிருந்தது. நேத்து சாயங்காலம் வரைக்கும் கெட்டுத்தான் இருந்தது. இன்னிக்குக் காலைலதான் நான் சரி பண்ணேன்."

அதிகாரி நீங்கள் யார் என்று கேட்டார். லைன் கம்பெனி ஆள், இவருடைய தம்பி என்றான். செல்போனில் இருந்த நேற்றைய படத்தைக் கேமராவுக்கு நேரே பிடித்தான். தேதி, நேரம், நாலு எண்களும் இருந்தன. எழுத்தர் முன்னால் சாய்ந்து குறித்துக்கொண்டார். தொண்ணூற்று நாலு இருந்தும் குரல் எப்படிப் போகாது என்று அதிகாரி கேட்டார். காலையில் மாமாவுக்குச் சொன்னதையே சின்னவன் திரும்பச் சொன்னான். சொல்லும்போது மாமாவின் பக்கம் அவன் பார்க்கவில்லை. மாமா அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ கோளாறு இல்லேன்னு மூணு தடவை எழுதினது யாருங்க?"

"நான்தான் சார்." பணியாளர் எண்ணையும் சொன்னான். கேட்பதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டான், கேட்டால் தைரியம் போய்விடுமோ என்று.

அக்கா தன் கையை அவன் கையிலிருந்து உருவிக்கொண்டாள்.

"மூணாவது தடவை நீ வரவே இல்லையே" என்றாள். மெதுவாகத்தான் கேட்டாள். "படம் எங்கேர்ந்து வந்தது?"

"பழைய படம்க்கா."

"அதை ஒட்டி மூடினது என்னிக்கு?"

"அந்த வாரம் திங்கக்கிழமை."

அக்கா மனதுக்குள் எதையோ எண்ணினாள். அந்தப் பெண்மணியின் அழைப்பு வந்தது இரண்டு நாள் கழித்து, புதன்கிழமை. சின்னவனுக்கும் அந்தக் கணக்குத் தெரியும். நேற்றிரவு முழுக்க அதைத்தான் போட்டுக்கொண்டிருந்தான்.

"காலைல கேட்டேனேடா" என்றாள் அக்கா. "நீ சொன்னா நம்புவேன்னு சொன்னேனே."

அதிகாரி தொண்டையைச் செருமிக்கொண்டு, இது வேறு திசையில் போகிறது, லைன் கம்பெனியை அழைத்து விசாரிக்க வேண்டியிருக்கும், இன்றைக்கு ஒத்திவைக்கிறேன் என்று சொல்லத் தொடங்கினார். அக்காவின் மேல் இருந்த குற்றம் அந்த நிமிடமே பாதிக்கு மேல் கரைந்துவிட்டது. வீட்டில் ஒருவருக்கும் அதைக் கொண்டாடத் தோன்றவில்லை.

அப்போது கறுப்புக் கட்டத்திலிருந்து குரல் வந்தது. பதிவில் கேட்ட அதே குரல், இப்போது மிகவும் தாழ்ந்து இருந்தது.

"சார், அந்தம்மாகிட்ட ஒண்ணு கேக்கணும்."

அதிகாரி தயங்கினார். விதியில் அதற்கு இடம் உண்டா இல்லையா என்று கோப்பைப் புரட்டினார். அதற்குள் அந்தப் பெண்மணி கேட்டுவிட்டாள்.

"அன்னிக்கு நீங்க பேசுனீங்களா?"

"பேசுனேம்மா" என்றாள் அக்கா. "நீங்க போனைக் கீழ போடுற வரைக்கும் பேசிட்டே இருந்தேன்."

"என்ன சொன்னீங்க?"

அக்கா அதிகாரியைப் பார்த்தாள். அவர் கோப்பை மூடி வைத்துவிட்டார். வேண்டாம் என்று மாமா கையைக் காட்டினார். அக்கா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு, மைக்குக்குக் கிட்டே வந்தாள். பதினாலு நாளாக உடைந்து கிடந்த குரல் இல்லை இது. வேலை செய்கிற குரல்.

"வாசக் கதவைத் திறந்து வச்சிட்டு வாங்கன்னு சொன்னேன். அவரைத் தரையில நேரா, மல்லாக்கப் படுக்க வைங்கன்னு சொன்னேன். பக்கத்துல முட்டி போட்டு உக்காருங்க. ஒரு உள்ளங்கையை நெஞ்சு நடுவுல வைங்க. அது மேல இன்னொரு கையை வைங்க. கை மடங்கக் கூடாது. உங்க பாரம் முழுக்க இறங்கற மாதிரி அழுத்துங்க. பயப்படாதீங்க, அவருக்கு வலிக்காது. நான் கூடவே எண்ணுறேன், நான் எண்ணுறப்போ நீங்க அழுத்துங்கன்னு சொன்னேன்."

"எண்ணுனீங்களா?"

"எண்ணுனேம்மா."

"எப்படி எண்ணுனீங்க?"

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு என்று எண்ணத் தொடங்கினாள். சீராக, வேகமாக, ஒரு எண்ணுக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஒரே அளவு விட்டு எண்ணினாள். எழுத்தர் எழுதுவதை நிறுத்திவிட்டார். மாமா தலையைக் குனிந்துகொண்டார். ஒரு எண்கூட வழியில் தொலையவில்லை. அன்றைக்குப் போய்ச் சேராத அத்தனையும் இன்று துல்லியமாகப் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது.

முப்பதில் அக்கா நிறுத்தினாள்.

"நான் அவர் பக்கத்துலதாம்மா உக்காந்திருந்தேன்" என்றாள் அந்தப் பெண்மணி. "என் ரெண்டு கையும் சும்மாத்தானே இருந்துச்சு."

அக்கா மைக்கை விட்டுப் பின்னால் சாய்ந்தாள். சின்னவன் சுவரைப் பிடித்துக்கொண்டு, ஓசைப்படாமல் கதவுப் பக்கம் ஒரு அடி நகர்ந்தான். அவன் சட்டைப் பையில் செல்போன் அதிர்ந்தது, சூப்பர்வைசராகத்தான் இருக்கும். எடுக்கவில்லை.

கறுப்புக் கட்டம் விலகியது. வெறும் சுவருக்கு முன்னால் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அக்கா வயதுதான் இருக்கும். அழவில்லை.

"அந்த லைன்காரர் அங்கதான் இருக்காரா?" என்றாள்.

மாமா சின்னவனைப் பார்த்தார். போய்விடு என்கிறாரா, இரு என்கிறாரா, தெரியவில்லை. அக்கா அவன் பக்கம் திரும்பவே இல்லை. இரண்டு கையாலும் லேப்டாப்பைப் பிடித்து, மெல்ல அவன் நின்ற பக்கம் திருப்பி வைத்தாள்.